மணிலா வாத்தை அடை வைப்பது எப்படி

நாட்டு வாத்து முட்டையை வாரி இடும், ஆனால் அடைக்கு உட்காராது. அதன் முட்டையை நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்க வைப்பதுதான் ஊர்வழக்கம். மணிலா வாத்து, அதாவது மஸ்கோவி, இதற்கு நேர் எதிர். முட்டை குறைவு, அடை உணர்வு அபாரம். இன்குபேட்டரில் பொரிக்க வைக்கப் பலரும் திணறும் இந்த முட்டையைப் பெட்டை வாத்து எந்தக் கருவியும் இல்லாமல் பொரித்துக் கொண்டு வந்துவிடும். வளர்ப்பவரின் வேலை பெரும்பாலும் அது உட்காரும் முன்பே முடிந்துவிட வேண்டும். இடம், கூடு, முட்டைத் தேர்வு, தேதி இந்த நான்கும் சரியாக இருந்தால் பிறகு தொந்தரவு செய்யாமல் இருப்பதே உதவி.

இந்த வாத்து நாட்டு வாத்தின் இனமே அல்ல. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் ஆற்றோரம் வாழ்ந்து, மரப்பொந்தில் முட்டையிடும் பறவையிலிருந்து வந்தது. கூரான நகம், கிளையில் ஏறி உட்காரும் பழக்கம், இருட்டான மூலையைத் தேடும் குணம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அடைக்காலமும் அதனால்தான் வேறு: நாட்டு வாத்துக்கு 28 நாள், இதற்கு 35 நாள்.

ஆணும் பெட்டையும்

பெட்டை ஆறு, ஏழு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். ஆண் வயதுக்கு வர இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். ஒரே ஈட்டில், அதாவது ஒரே தடவை அடை வைத்துப் பொரித்த தொகுதியில், பிறந்த ஜோடியாக இருந்தால் முதல் சில முட்டைகள் கூமுட்டையாகப் போவது இதனால்தான். ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டை சரியான கணக்கு. ஒரே பெட்டையோடு ஓர் ஆணை விட்டால் அது ஓயாமல் மிதித்து, பெட்டையின் பிடரியில் இறகு கொட்டி, தோல் புண்ணாகிவிடும். ஆண் நாலரை கிலோவுக்கு மேல் போகும், பெட்டை அதில் பாதிதான் இருக்கும்.

வீட்டில் நாட்டு வாத்து ஆணும் இருந்தால் தனியே அடைத்து வையுங்கள். இரண்டும் கலந்து பிறக்கும் குஞ்சுகள் நன்றாக வளரும், ஆனால் மலடு. கறிக்காக வளர்ப்பவர்களுக்கு அது பரவாயில்லை. இனத்தைப் பெருக்க நினைப்பவர்கள் ஆணை மாற்றிய பிறகு மூன்று வாரம் விட்டு வரும் முட்டைகளை மட்டும் அடைக்கு எடுக்க வேண்டும், ஏனென்றால் பழைய ஆணின் விந்து பெட்டையின் உடலில் பல நாள் தங்கியிருக்கும்.

முட்டையிடும் காலத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் உள்ள முட்டைக்கோழித் தீவனம் கொடுக்கலாம். கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிச் சட்டியில் வையுங்கள், தேவையான பெட்டை தானாக எடுத்துக்கொள்ளும். வீட்டிலேயே தீவனம் கலப்பவர்கள் கடலைப் புண்ணாக்கில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்லடாக்சின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. கொஞ்சம் பூசணம்தானே என்று வெயிலில் காயவைத்துப் போடுவதும் ஆபத்து. காய்ந்தாலும் நஞ்சு போகாது.

தோல்முட்டை தொடர்ந்து வந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பெட்டை வாலைத் தாழ்த்தி, முக்கிக்கொண்டே நின்று, தீனி எடுக்காமல் இருந்தால் முட்டை அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய இருபது முப்பது நிமிடம் உட்கார வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். சில மணி நேரத்தில் வரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வயிற்றை அமுக்கி முட்டையை வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் பிழைப்பது கடினம்.

கூடு

உள்ளளவு நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 முதல் 45 சென்டிமீட்டர் உள்ள மரப்பெட்டி போதும். மூன்று பக்கமும் மேலும் மூடியிருக்க வேண்டும். முன்பக்க வாசலின் அடியில் 12 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை வையுங்கள். இல்லையென்றால் வாத்து எழும்போது முட்டை உருண்டு வெளியே வரும். கவிழ்த்த பழக்கூடை, பழைய டயர், படிக்கட்டுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்து மறைத்த மூலை எதுவானாலும் வாத்துக்குச் சம்மதம்தான். மறைவும் நிழலும் இருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கும்.

அடியில் இரண்டு அங்குலம் மணலோ மண்ணோ போட்டு, நடுவில் கையால் குழித்து, மேலே நன்றாகக் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். வெறும் பலகை மேல் வைக்கோல் போட்டால் வாத்து கிளறிக் கிளறி முட்டை பலகையில் நேராகப் படும், விரிசல் விடும். மக்கிய வாசனை வரும் வைக்கோல் வேண்டாம். அதன் பூஞ்சணத் தூள் தாய்க்கும் குஞ்சுக்கும் மூச்சுக்கோளாறு தரும்.

எறும்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பொரிக்கும் நேரத்தில் குஞ்சைக் கொல்வதில் கீரிக்கு அடுத்து எறும்புதான். முட்டையில் முதல் கீறல் விழுந்ததும் உள்ளே ஈரம் இருப்பதை மோப்பம் பிடித்து வந்துவிடும். வெளியே வர முடியாத குஞ்சை உள்ளேயே கடித்துத் தீர்த்துவிடும். பெட்டிக்கு நாலு கால் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது, கொசுவும் முட்டையிடாது. பெட்டி சுவரைத் தொடக்கூடாது. வைக்கோல் ஒன்று வெளியே தொங்கித் தரையைத் தொட்டாலும் அதுவே எறும்புக்குப் பாலம். மஞ்சள் தூள் கோடு போடுவது காய்ந்த தரையில் ஓரளவு உதவும், ஈரம் பட்டால் பயனில்லை. வாத்து தாவி ஏற ஒரு செங்கல் போதும், அதையும் பெட்டியோடு ஒட்டாமல் வையுங்கள்.

கீரி, பெருச்சாளி, சாரைப்பாம்பு, காகம் எல்லாவற்றுக்கும் முட்டை பிடிக்கும். கோழி வலை போதாது, சிறிய பாம்பும் கீரிக்குட்டியும் புகுந்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ் அடித்து, இரவில் கதவை அடைக்க வேண்டும்.

ஒரு பெட்டிக்கு ஒரு பெட்டை என்ற கணக்கில் வைப்பது நல்லது. அடை வைக்கும் வீடுகளில் முட்டை வீணாவதற்குப் பெரிய காரணமே இரண்டு மூன்று பெட்டைகள் ஒரே கூட்டில் இட்டு, 25, 30 முட்டைகள் சேர்ந்துவிடுவதுதான். ஒரு பெட்டையின் அடிவயிறு நன்றாக மூடுவது 12 முதல் 15 முட்டை. அதற்கு மேல் போனால் ஓரத்து முட்டை குளிரும். மறுநாள் அது நடுவுக்கு வரும், வேறொன்று ஓரத்துக்குப் போகும். இப்படி முறை வைத்து எல்லாம் சாகும்.

முட்டை சேர்க்கும் முறை

கூடு பிடித்துவிட்டால் பெட்டை பெரும்பாலும் காலையில் வந்து இடும். இட்டுவிட்டு வைக்கோலால் மூடி மறைத்துவிட்டுப் போகும். ஒரு ஈட்டில் சுமார் 10 முதல் 16 முட்டை வரும். வெண்மையான, மெழுகு பூசியது போன்ற ஓடு, எடை 70, 80 கிராம்.

முழு ஈடும் இட்டு முடித்த பிறகுதான் அது நிலையாக உட்காரும். எல்லாக் குஞ்சும் ஒரே நாளில் பொரிப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. குளிர்ந்த நாட்டில் முதல் முட்டை இரண்டு வாரம் கூட்டில் கிடந்தாலும் கரு உறங்கிக்கொண்டே இருக்கும். நம் வெயிலில் அப்படி இருக்காது. கூட்டின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பெட்டை உட்காராமலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, இரவில் நின்று, பிறகு செத்துப்போகும். பத்தாம் நாள் வெளிச்சத்தில் பார்க்கும்போது பாதி முட்டையில் இரத்த வளையம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், ஆணின் குறை அல்ல.

எனவே முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். மொத்தமாகக் காலி செய்தால் பெட்டை கூட்டை மாற்றிக்கொண்டு வேலி ஓரம் போய்விடும். பதிலுக்கு மூன்று நாலு போலி முட்டை போடுங்கள்: மரத்தில் கடைந்ததோ, மணல் நிரப்பிய பிளாஸ்டிக் முட்டையோ போதும். எடுத்த முட்டையில் பென்சிலால் தேதி எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள். ஈர மணல் மேல் வைத்த மண்பானையில், முட்டை நனையாமல் வைக்கோல் மேல் அடுக்குவது மின்சாரமில்லாத பழைய வழி, இன்றும் நல்ல வழி. 15 முதல் 18 டிகிரி கிடைத்தால் உத்தமம். பிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் கரு பிழைப்பது குறைவு. ஒரு வாரத்துக்குள் அடை வைத்தால் பொரிப்பு நன்றாக இருக்கும், பத்து நாளைத் தாண்டினால் குறைந்துகொண்டே போகும்.

முதல் வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கடைசி ஏழெட்டு நாள் முட்டைகளையும், தேவைப்பட்டால் மற்ற பெட்டைகள் அதே நாட்களில் இட்டவற்றையும் அடைக்கு வைப்பதே என் பரிந்துரை. மிகப் பெரியது, கோணல், விரிசல், சொரசொரப்பான ஓடு இவற்றை ஒதுக்குங்கள். புதிதாக முட்டையிடத் தொடங்கிய பெட்டையின் முதல் இரண்டு வார முட்டைகளும் வேண்டாம். அழுக்கு இருந்தால் காய்ந்த துணியால் துடைக்கலாம். கழுவினால் மேலே உள்ள காப்புப் படலம் போய்க் கிருமி உள்ளே புகும்.

அடைக்கு வந்த அறிகுறி

கூட்டில் நெஞ்சுப் பஞ்சு இறகு தெரியும். பெட்டை தானே பிடுங்கி மெத்தை போட்டிருக்கும். பக்கத்தில் போனால் இறகைச் சிலிர்த்து, வாலை விரித்து, சீறும். முன்பு இட்டுவிட்டு எழுந்து போனது இப்போது மாலையும் அங்கேயே இருக்கும். இரண்டு இரவு தொடர்ந்து கூட்டிலேயே தங்கினால் நம்பலாம். ஒரு நாள் உட்கார்ந்ததைப் பார்த்து முட்டையை வைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் இருட்டிய பிறகு போலி முட்டையை எடுத்துவிட்டு, சேர்த்த முட்டைகளை ஒன்றாக வையுங்கள். முட்டையை அதற்கு முன் சில மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். கையில் தடித்த துணி சுற்றிக்கொள்ளுங்கள், இறக்கையால் அடிக்கும் அடி பலமாக விழும், நகமும் கீறும். எல்லா முட்டையிலும் பென்சிலால் சுற்றி ஒரு கோடு போட்டு, எந்தக் கிழமை வைத்தீர்கள் என்று குறியுங்கள். ஐந்து வாரம் கழித்து அதே கிழமைதான் பொரிப்பு நாள், ஒன்றிரண்டு நாள் முன்பின்னாகலாம்.

காலத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை அடை வைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடு நனைந்து பூசணம் பிடிக்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் பெட்டை மூச்சு வாங்கிக்கொண்டு முட்டையை விட்டு எழுந்துவிடும். கோடையில்தான் அடைக்கு வந்தது என்றால் கூரைமேல் தென்னங்கீற்று போட்டு, மேற்குப் பக்கம் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள்.

அந்த 35 நாள்

பெட்டை பொதுவாக ஒரு நாளைக்கு ஒருமுறை, சில நேரம் இரண்டுமுறை எழும். அவசரமாகத் தின்று, குடித்து, குளித்து, இருபது முப்பது நிமிடத்தில் திரும்பிவிடும். இந்தக் குளியலைத் தடுக்காதீர்கள். ஈர இறகோடு வந்து உட்காருவதால் முட்டைக்கு வேண்டிய ஈரப்பதம் கிடைக்கிறது. ஓர் அடி ஆழமுள்ள தொட்டி போதும். தீனியும் தண்ணீரும் கூட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். கூட்டுக்குள்ளேயே வைத்தால் எழாமல் அங்கேயே எச்சமிட்டு முட்டையை நாசமாக்கும். அடையில் இருக்கும் வாத்தின் எச்சம் பெரிதாக, கடும் நாற்றத்தோடு இருப்பது இயல்பு, நோய் அல்ல. நெல், மக்காச்சோளம், கம்பு போன்ற முழு தானியம் இந்தக் காலத்தில் போதும்.

தொடர்ந்து இரண்டு நாள் எழவே இல்லை என்றால் நீங்களே தூக்கி வெளியே விடுங்கள். தூக்கும்போது இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

பெட்டை எழுந்த நேரத்தில் கூட்டைப் பாருங்கள். கோடு இல்லாத முட்டை இருந்தால் வேறு பெட்டை இட்டது, அன்றே எடுத்துவிட வேண்டும். விட்டால் 35ஆம் நாள் மற்றவை பொரிந்து தாய் எழுந்து போகும்போது அது பாதி வளர்ந்த நிலையில் கைவிடப்படும். உடைந்த முட்டை இருந்தால் நனைந்த வைக்கோலையும் சேர்த்து அகற்றி, மற்ற முட்டைகளில் பட்டதை வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

எட்டு முதல் பத்தாம் நாளுக்குள் ஒரு முறை இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கைப்பேசி விளக்கின் மேல் ஓட்டை போட்ட அட்டையை வைத்து அதன்மேல் முட்டையின் தடித்த முனையை வைத்தால் போதும். சிவப்பு நரம்புகள் சிலந்திவலை போலப் பரவியிருந்தால் கரு நன்றாக இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. 25ஆம் நாள் இன்னொரு முறை பார்க்கலாம். அப்போது மேலே காற்றறை தவிர மீதி முழுக்க இருட்டாக இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் போலக் குலுங்குவதும் நாற்றமடிப்பதும் அழுகியவை. ஆட்டாமல் எடுத்துப் புதைத்துவிடுங்கள், கூட்டில் வெடித்தால் நல்ல முட்டைகளும் கெடும்.

உட்கார்ந்தே இருப்பதால் பேனும், செல் என்னும் சிறு பூச்சியும் ஏறும். வேப்பிலை போடுவது வழக்கம், தவறில்லை. ஆனால் பெட்டியின் இடுக்குகளில் சிவப்புப் புள்ளிகளாக ஊர்வது தெரிந்தால் வேப்பிலை மட்டும் போதாது, வைக்கோலை முழுதும் மாற்றி எரிக்க வேண்டும்.

பொரிப்பு

32, 33ஆம் நாளில் உள்ளிருந்து கீச்சென்ற ஒலி கேட்கும், தாயும் மெல்லிய குரலில் பதில் கொடுக்கும். அன்றிலிருந்து கூட்டில் கை வைக்க வேண்டாம். முதல் ஓட்டை விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள் முதல் இரண்டு நாள் ஆகும். இந்த இடைவெளி பலருக்குப் பொறுக்காது. ஓட்டைப் பிய்த்து உதவப் போவார்கள். அந்த நேரத்தில் குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டும், ஓட்டின் உள்தோலில் ஓடும் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். தோலைக் கிழித்தால் இரத்தம் போய்ச் செத்துவிடும். 48 மணி நேரம் தாண்டியும் ஓட்டை பெரிதாகாமல், தோல் காய்ந்து தடித்துப் பழுப்பாகியிருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் தொட்டுத் தடவி, துளித்துளியாக முட்டை ஓட்டை எடுக்கலாம். இரத்தம் தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள்.

முதல் குஞ்சு வந்து ஒன்றிரண்டு நாளில் தாய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். மிச்ச முட்டையை உடனே எறியாமல் டார்ச்சில் பாருங்கள். உயிர் இருப்பதை வேறு அடை வாத்துக்கோ இன்குபேட்டருக்கோ மாற்றலாம். குஞ்சுக்கு முதல் நாள் தீனி இல்லாவிட்டாலும் வயிற்றில் உள்ள மஞ்சள் கரு தாங்கும்.

இன்குபேட்டரில் முழுதாகவே வைப்பவர்களுக்கு: விசிறி உள்ள கருவியில் 37.5 டிகிரி, ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம். பத்தாம் நாளுக்கு மேல் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து 10, 15 நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்க வேண்டும், தாய் எழுந்து குளித்து வருவதற்கு இது ஈடு. 32ஆம் நாளுக்கு மேல் புரட்டுவதையும் ஆறவிடுவதையும் நிறுத்தி, ஈரப்பதத்தை 70க்கு மேல் ஏற்றுங்கள். நாட்டுக்கோழிக்கு அடியில் மணிலா முட்டை வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 21 நாளுக்குப் பழகிய கோழி இன்னும் இரண்டு வாரம் பொறுக்காமல் எழுந்துவிடுவது அதிகம். மாறாக, கோழி முட்டையை மணிலா வாத்து தாராளமாகப் பொரிக்கும்.

முதல் மூன்று வாரம்

முதல் மூன்று நாலு நாள் தாயோடு சேர்த்து மெஷ் அடித்த அடைப்பில் வையுங்கள். காகமும் பூனையும் குஞ்சை எடுப்பது இந்த நாட்களில்தான். வேறு பெட்டைகளையும் விலக்கி வையுங்கள், தன்னுடையதல்லாத குஞ்சைக் கொத்திக் கொன்றுவிடும். தீனிக்கு 20 முதல் 22 சதவீதம் புரதமுள்ள கோழிக்குஞ்சுத் தீவனத்தை ஈரப்படுத்திக் கொடுங்கள். வாத்துக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நியாசின் என்னும் வைட்டமின் அதிகம் வேண்டும். குருணையும் சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போவது இந்தக் குறையால்தான். ஒரு கிலோ தீவனத்துக்கு 50 கிராம் அளவு ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்தால் சரியாகும்.

தண்ணீர்ச் சட்டி அலகும் மூக்குத் துளையும் முங்கும் ஆழம் இருக்க வேண்டும், உடல் விழும் அகலம் கூடாது. கூழாங்கல் நிரப்பினால் இரண்டும் அமையும். தாயோடு இருக்கும் குஞ்சு நீந்தலாம், ஆனால் தொட்டியிலிருந்து ஏறிவரச் சாய்வான பலகையோ செங்கல் படியோ இல்லையென்றால் களைத்து மூழ்கிவிடும்.

அடை தெளிய வைக்க

முட்டை வேண்டும், குஞ்சு வேண்டாம் என்றாலும், வருடத்தில் மூன்று ஈட்டுக்கு மேல் பொரித்து உடல் தேய்ந்த பெட்டையாக இருந்தாலும் அடையைக் கலைக்க வேண்டியிருக்கும். காலிக் கூட்டிலும் வாரக்கணக்கில் உட்கார்ந்து எலும்பும் தோலுமாகிவிடும் குணம் இதற்கு உண்டு. கோழியைத் தண்ணீரில் முக்கும் பழக்கம் இங்கே உதவாது. குளிப்பதே இதன் வழக்கம், குளித்துவிட்டு நேரே கூட்டுக்குப் போகும்.

கம்பி வலையே தரையாக உள்ள கூண்டை ஒன்றரை அடி உயரத்தில், நிழலும் காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வையுங்கள். வைக்கோல் எதுவும் கூடாது. தீனியும் தண்ணீரும் தாராளமாக இருக்க வேண்டும், பட்டினி போடக்கூடாது. அடிவயிற்றுக்குக் கீழே காற்று ஓடி, சூடு தணிந்தால் அடை உணர்வு தானாக விலகும். மூன்று முதல் ஐந்து நாளில் ஒரு காலையில் திறந்துவிட்டுப் பாருங்கள். மற்றவற்றோடு மேயப் போனால் தெளிந்துவிட்டது. கூட்டைத் தேடி ஓடினால் இன்னும் இரண்டு நாள். பழைய கூட்டையும் இதற்குள் பிரித்து எடுத்திருக்க வேண்டும். தெளிந்த பெட்டை இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் முட்டையிடத் தொடங்கும். குஞ்சு வளர்க்கும் தாய், குஞ்சுகளுக்கு இறகு முளைத்த பிறகு, இரண்டு மாதம் வாக்கில் அடுத்த கூடு தேடும். அதற்குள் குஞ்சுகளைத் தனியே பிரித்து, பெட்டியில் மணலும் வைக்கோலும் மாற்றி வையுங்கள்.